குளிர் தேங்கும் பள்ளம்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். கோவையில் கம்ப்யூட்டர் வேலை, நம் இதழைத் தொடர்ந்து படிப்பவர். "ஐயா, கொடைக்கானல் மேல்மலையில 2 ஏக்கர் பார்த்திருக்கேன். ஓடைப் பக்கம், சமமான இடம், மண்ணு கறுப்பா இருக்கு. குளிர்ல பூச்சி கம்மி, இயற்கை விவசாயம் சுலபம்னு சொல்றாங்க. வாங்கலாமா?" என்று கேட்டார். "எந்த மாசம் போய்ப் பார்த்தீங்க?" என்றேன். "மே மாசம்" என்றார்.

மே மாதத்தில் மேல்மலையைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் அப்படித்தான் வந்தது. 33 வருடம் வங்கியில் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற கையோடு வந்த பணத்தில் பெரும் பகுதியை இந்த மண்ணில் போட்டேன். 7 வருடம் ஆகிறது. அந்தத் தம்பிக்குப் போனில் சொல்லி முடியவில்லை. இன்னும் பலருக்கும் இதே ஆசை இருக்கிறது என்று தெரிவதால் இங்கே எழுதுகிறேன். சமவெளியில் நாம் படித்த பாடம் எல்லாம் சரிதான். ஆனால் குளிர் நாட்டில் அதை அப்படியே போட்டால் சில இடத்தில் நமக்கே எதிராகத் திரும்பும். எனக்குத் திரும்பியது.

முதல் வருடம் அக்டோபர் கடைசியில் கீழ்ப் பள்ளத்தில் உருளையும், அதை ஒட்டி பீன்ஸும் போட்டேன். பள்ளம்தான் இருப்பதில் நல்ல மண், தண்ணீரும் பக்கம். காய்ந்த புல்லை ஒரு சாண் உயரத்துக்கு மூடாக்கு போட்டேன். நம்மாழ்வார் ஐயா கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டவன் நான், மண்ணை வெறுமனே விடுவேனா? கீழ் எல்லையில் காட்டுமாடு வராமல் இருக்க நெருக்கமான உயிர்வேலி. ஜனவரி இரண்டாவது வாரம் வரை பயிர் கண்ணுக்கு விருந்து. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் பள்ளம் முழுக்க உப்புக் கொட்டினாற்போல் வெள்ளை. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் இலை எல்லாம் வெந்நீர் ஊற்றிய கீரை மாதிரி தொங்கியது. மறுநாள் கறுப்பு. ஒரே ராத்திரி.

அன்றைக்கு எனக்குப் பயிரைவிட வேறொன்று உறுத்தியது. வங்கியில் இருந்தபோது மலையிலிருந்து வந்த ஒரு உழவர், "உருளை ஒரே ராத்திரியில பனியில போயிருச்சு சார், தவணையைத் தள்ளிக் கொடுங்க" என்று என் மேசை முன்னால் நின்றிருக்கிறார். "நேத்து வரைக்கும் நல்லா இருந்த பயிர் ஒரு ராத்திரியில எப்படிப் போகும்?" என்று கேட்டு, 'காரணம் திருப்திகரமாக இல்லை' என்று பைலில் எழுதியவன் நான். அவர் முகம் நினைவில் இருக்கிறது, ஊர் நினைவில் இல்லை. தேடிப் போகக்கூட வழியில்லை.

பக்கத்துத் தோட்டத்து அக்கா, எழுபத்தைந்து தாண்டியவர், வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, குளிரும் தண்ணி மாதிரித்தான். சரிவுல இறங்கி ஓடி வந்து பள்ளத்துல நிக்கும். நீங்க அதுக்குக் கீழ அணையும் கட்டி வச்சிருக்கீங்க." அணை என்று அவர் சொன்னது என் உயிர்வேலியை. அக்காவின் உருளை எனக்கு மேலே சரிவில் இருந்தது. ஓரத்தில் நாலு இலை கருகியதோடு சரி.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன், அளந்தேன். விஷயம் இதுதான். பகலில் மண் வெயிலை வாங்கி வைக்கிறது. ராத்திரியில் அந்தச் சூட்டை வானத்தை நோக்கி விடுகிறது. மேகம் இருந்தால் போர்வை போலத் தடுத்துத் திருப்பி அனுப்பும். காற்று வீசினால் மேலே உள்ள வெதுவெதுப்பும் கீழே உள்ள குளிரும் கலந்துவிடும். மேகமும் இல்லை, காற்றும் இல்லை என்றால் தரை வேகமாகக் குளிர்கிறது, தரையைத் தொட்ட காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அதனால் சரிவில் மெல்ல இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. வேலி, கல்சுவர், அடர்ந்த புதர் எது குறுக்கே இருந்தாலும் அதற்கு மேல்பக்கம் குளம் கட்டி நிற்கும். இப்போது என் உயிர்வேலியின் தாழ்ந்த மூலையில் 10 அடி அகலத்துக்கு வழி விட்டிருக்கிறேன். காட்டுமாட்டுக்காக அங்கே கம்பி மட்டும். குளிர் கம்பிக்குள் புகுந்து ஓடைக்குப் போய்விடுகிறது.

தெர்மாமீட்டர் விஷயத்திலும் ஏமாந்தேன். வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கியது 4 டிகிரி காட்டியது, தோட்டத்தில் பனி உறைந்து கிடந்தது. தாழ்வாரத்தில், ஆள் உயரத்தில் இருக்கும் குளிர் வேறு, திறந்த வெளியில் புல் மட்டத்தில் இருக்கும் குளிர் வேறு. அமைதியான ராத்திரியில் இரண்டுக்கும் 3, 4 டிகிரி வித்தியாசம் சாதாரணமாக வரும். ராத்திரியில் இறங்கிய மிகக் குறைந்த அளவைக் குறித்து வைக்கும் தெர்மாமீட்டர் கடையில் கிடைக்கும். இரண்டு வாங்கி, ஒன்றைப் பள்ளத்திலும் ஒன்றைச் சரிவிலும் இலை உயரத்தில் கட்டுங்கள். நான் நோட்டில் குறித்து வருகிறேன், பழக்கதோஷம். பனி ராத்திரிகளில் என் பள்ளம் சரிவைவிட 3 டிகிரியாவது கீழே நிற்கிறது. அந்த 3 டிகிரிதான் பயிர் பிழைப்பதும் போவதும்.

எந்த ராத்திரி வரும் என்று முன்கூட்டியே தெரியுமா? பெரும்பாலும் தெரியும். மேல்மலையில் நீர்ப்பனி முதலில் வரும், அது இலையை நனைப்பதோடு போகும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி. பகல் பளிச்சென்று வெயில், சாயங்காலம் காற்று சட்டென்று அடங்கல், புகை நேராக மேலே போகாமல் தாழ்ந்து பள்ளத்தில் படுத்துக்கொள்வது, ராத்திரி எட்டு மணிக்கே நட்சத்திரம் நெருக்கமாகத் தெரிவது. இவை சேர்ந்தால் நான் வேலையை ஆரம்பித்துவிடுவேன். விடிகிற நேரம்தான் குளிரின் உச்சம். அப்போது எழுந்து ஓடிப் பயனில்லை.

இனி மூடாக்கு. இதைச் சொன்னால் நம் தோழர்கள் சிலர் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரியும். காய்ந்த புல் மூடாக்கு பகலில் வெயிலை மண்ணுக்குள் விடாது, ராத்திரியில் மண்ணின் சூட்டைச் செடிக்கு விடாது. வேர் கதகதப்பாக இருக்கும், மேலே இலை விறைத்துப் போகும். இரண்டாம் வருடம் சோதித்துப் பார்த்தேன். ஒரே மட்டத்தில் நாலு பாத்தி பீன்ஸ். இரண்டில் மூடாக்கு, இரண்டில் வெறும் மண், முதல் நாள் நண்பகலில் தண்ணீர் விட்டது. காலையில் மூடாக்குப் பாத்தியில்தான் வெள்ளை கனமாக இருந்தது, கருகலும் அங்கேதான் அதிகம். ஈரமான, இறுகிய மண் சூட்டை நிறைய வாங்கி வைக்கும், ராத்திரியில் மெல்ல விடும். காய்ந்த மண்ணும், புதிதாகக் கொத்திவிட்ட மண்ணும் அதைச் செய்யாது. உள்ளே காற்று நிறைந்திருப்பதால் அதுவும் மூடாக்கு மாதிரிதான். ஆகவே பனி வருகிற வாரத்தில் களை கொத்தாதீர்கள்.

அதற்காக மூடாக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. உருளை, பீன்ஸ் மாதிரி பனி தாங்காத பயிரில் டிசம்பர் நடுவில் புல்லை ஒதுக்கி வரப்பு ஓரம் குவித்துவிடுகிறேன். பிப்ரவரியில் திரும்பப் போடுகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு கோடை மழை வரும் வரை காய்ச்சல் காலம். பூண்டுக்கும் கேரட்டுக்கும் வருடம் முழுக்க மூடாக்கு உண்டு, அவற்றுக்குப் பனி ஒன்றும் செய்வதில்லை.

இளம் நாற்றுக்குப் போர்வை போடுவது உறுதியான வழி. வளைத்த குச்சியின் மேல் பெரணி இலையோ சாக்கோ விரித்து, ஓரம் தரையைத் தொடும்படி விட வேண்டும். மண்ணின் சூட்டைப் பிடித்து வைப்பதுதான் நோக்கம், தலைக்கு மட்டும் தொப்பி போட்டால் போதாது. பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். என் மனைவியின் பழைய நூல் சேலை பதினேழு இப்போது நாற்றங்காலில்தான் இருக்கிறது. எண்ணிக்கை அவர் சொன்னது. காலை வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மண்ணுக்கு அன்றைய வெயில் கிடைக்காது.

தெளிப்பு நீர் பற்றி ஒரு எச்சரிக்கை. தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது, 1 லிட்டருக்கு 80 கிலோகலோரி. அதனால் இலை மேல் தண்ணீர் உறைந்துகொண்டே இருக்கும்வரை இலை 0 டிகிரிக்கு ஒட்டியே நிற்கும், அதற்குக் கீழே போகாது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உறையத் தொடங்கும் முன்னே ஆரம்பித்து, காலையில் பனிக்கட்டி உருகி முடியும்வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். நடுவில் கரண்ட் போனால், நனைந்த இலை காய்கிறபோது இருக்கிற சூட்டையும் இழந்து, தெளிக்காமல் விட்டதைவிட மோசமாகப் போகும். எங்கள் ஊரில் கரண்டை நம்பி விடிய விடிய மோட்டார் ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. நண்பகலில் மண்ணுக்குப் பாசனம், அதோடு சரி. சிலர் ஈரச் சருகைக் கொளுத்திப் புகை போடுகிறார்கள். புகை மேகம் மாதிரித் தெரியும், ஆனால் மண் விடும் சூட்டை மேகம் தடுப்பதுபோல் அது தடுப்பதில்லை. கம்போஸ்ட்டுக்குப் போக வேண்டிய சருகு வீண்.

இத்தனைக்கும் மேல், எதை எங்கே வைப்பது என்பதில்தான் பாதி பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. ஜனவரியில் என் பள்ளத்தில் இப்போது பூண்டு, கேரட், முட்டைக்கோஸ். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். பூண்டு பல் பிரிந்து திரள்வதற்கே குளிர் வேண்டும், பள்ளத்துக் குளிர் அதற்குச் சீதனம். கேரட்டும் கோஸும் குளிரைத் தாங்க மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன, சர்க்கரை கரைந்த நீர் சீக்கிரம் உறையாது. ஜனவரிக் கேரட் இனிப்பாக இருப்பது அதனால்தான். நேரடியாக வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லி விற்கலாம், நான் விற்கிறேன். உருளையும் பீன்ஸும் நடுச் சரிவுக்கு ஏறிவிட்டன. பட்டாணிதான் கொஞ்சம் ஏமாற்றுக்காரி. செடி பனியைத் தாங்கும், பூவும் பிஞ்சும் தாங்காது. பூ பிப்ரவரி நடுவுக்குப் பிறகு வருகிற மாதிரி விதைக்கிறேன். எங்கள் ஊரின் பழைய வீடுகளைப் பாருங்கள், ஒன்றுகூட ஓடைக்கரையில் இல்லை, எல்லாம் நடுச் சரிவில். நான் மட்டும் படித்தவன், பள்ளத்தைத் தேடிப் போனேன்.

அடுத்தது வேகம். குளிரில் எல்லாமே மெதுவாக நடக்கும். பொதுவாக 10 டிகிரி குறைந்தால் நுண்ணுயிர் வேலை பாதியாகக் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். கீழ் நாட்டில் இரண்டு நாளில் தயாராகும் ஜீவாமிர்தம் இங்கே டிசம்பரில் ஐந்தாறு நாள் எடுக்கிறது. நான் முதலில் நாள் கணக்கைப் பார்த்து, புளிக்காத சாணித் தண்ணீரைத்தான் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். இப்போது நுரையும் வாசனையும் பார்த்து முடிவு செய்கிறேன். கரைக்கும் தண்ணீரை வெதுவெதுப்பாக எடுத்து, கறுப்பு டிரம்மில் ஊற்றி, வெயில் படும் சுவர் ஓரம் வைத்து, ராத்திரி சாக்கு சுற்றுகிறேன். பாய்ச்சுவது பத்து மணிக்கு மேல்தான்.

கம்போஸ்ட் குவியல் சின்னதாக இருந்தால் இங்கே சூடேறவே ஏறாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 4 அடிக்குக் குறையக் கூடாது. பச்சையும் சாணமும் தாராளமாகச் சேர்த்து, ஒரே நாளில் கட்டி, மேலே காய்ந்த புல்லால் கனமாக மூட வேண்டும். மூடாக்கின் சூடு தாங்கும் குணம் இங்கேதான் நமக்கு உதவுகிறது. ஒரு வாரம் கழித்து இரும்புக் கம்பியை நடுவில் குத்திக் கொஞ்ச நேரம் விட்டு உருவித் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் வேலை நடக்கிறது. இல்லையென்றால் பிரித்து, சாணக் கரைசல் தெளித்துத் திரும்பக் கட்ட வேண்டியதுதான்.

விதையும் அப்படித்தான். கேரட் முளைக்க இரண்டு வாரத்துக்கு மேல்கூட ஆகும், விதை செத்துவிட்டது என்று பாத்தியைக் கலைத்துவிடாதீர்கள், நான் கலைத்திருக்கிறேன். டிசம்பரில் இலை வெளிறினால், ஓரம் ஊதா நிறம் ஏறினால் சத்துக் குறைவு என்று பதற வேண்டாம். மண்ணில் சத்து இருக்கும், குளிரில் வேர் எடுக்க முடியாமல் தவிக்கும். பிப்ரவரி வெயிலில் தானே தேறும். இந்த இரண்டு மாதப் பதற்றத்தில்தான் "ஒரு மூட்டை யூரியா போட்டாத்தான் என்ன?" என்று புத்தி போகும். இயற்கை வழியை விட்ட என் கூட்டாளிகள் இருவர் விட்டது ஜனவரியில்தான். இன்னொன்று, பனி காயும் முன் பீன்ஸ் செடியைத் தொடாதீர்கள். ஈர இலையில் கை பட்டால் நோய் செடிக்குச் செடி தாவும். எங்கள் ஊரில் ஆட்கள் ஒன்பது மணிக்கு மேல் வருவதைச் சோம்பல் என்று நான் முதலில் நினைத்தேன்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது.

முதல் டிசம்பரில் என் மனைவிக்கு முழங்கால் வலி தாங்கவில்லை. ஒரு இரும்புச் சட்டியில் அடுப்புக்கரி கங்கை அள்ளிப் போட்டுப் படுக்கையறையில் வைத்தேன். காற்று வரக் கூடாது என்று ஜன்னல் இடுக்கில் துணி வேறு அடைத்தேன். புகை துளியும் இல்லை, அறை கதகதப்பு. நடு ராத்திரி அவருக்குத் தலை பிளக்கிற மாதிரி வலித்து விழிப்பு வந்திருக்கிறது. என்னை எழுப்பினார். எனக்குக் கேட்கிறது, கால் அசையவில்லை. அவர்தான் தவழ்ந்து போய்க் கதவைத் திறந்தார். அவருக்கு விழிப்பு வராமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

மூடிய அறையில் கங்கு எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். புகையாவது கண்ணை எரித்து எழுப்பிவிடும், இது தூங்கவே வைக்கும். கரி, விறகு, கியாஸ் அடுப்பு, எதுவானாலும் தூங்குகிற அறைக்குள் எரியும் நெருப்பு வேண்டாம். அணைந்தது போலச் சாம்பல் பூத்த கங்கும் ஆபத்துதான். விருந்தாளிகள் வந்தால் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள், அவர்கள்தான் குளிருக்குப் பயந்து ஏதாவது செய்வார்கள். எங்கள் வீட்டில் இப்போது செங்கலை அடுப்பு ஓரம் சுட வைத்து, கனமான துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைக்கிறோம். விடியும் வரை இதமாக இருக்கும். அக்கா வீட்டில் பல வருடமாக அதுதான் வழக்கம். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

சமையலில் உயிர் ஆபத்து இல்லை, பொறுமைக்குத்தான் சோதனை. 2000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு தள்ளினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, பருப்பு வேகாது. குக்கர் இல்லாமல் மலைக்கு வராதீர்கள். தோசை மாவு ராத்திரியோடு பொங்காது. பாத்திரத்தைச் சூடு ஆறிய அடுப்பு மேல் வைத்துக் கம்பளி சுற்றினால் மறுநாள் மத்தியானத்துக்குப் புளிக்கும். தயிருக்குப் பாலைச் சற்றுக் கூடுதல் சூட்டில் உறை ஊற்றி அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்போம். தேங்காய் எண்ணெய் வருடத்தில் பாதி நாள் கட்டியாகத்தான் இருக்கும், கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டை வேண்டாம். பூண்டை அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்டால் புகையில் காய்ந்து மாதக்கணக்கில் நிற்கும். உருளையை இருட்டில் வையுங்கள், வெளிச்சம் பட்டுப் பச்சை ஏறியதைச் சமைக்காதீர்கள்.

மாட்டுக்குக் குளிரைவிட ஈரமும் எதிர்க்காற்றும்தான் பகை. தொழுவத்தின் காற்று வரும் பக்கத்தை அடைத்து, கூரைக்குக் கீழே ஒரு முழம் திறந்து விட்டால் மூச்சு ஆவி வெளியே போகும். அடியில் காய்ந்த புல் கனமாகப் போட்டு, அது நனைந்ததும் எடுத்துக் கம்போஸ்ட்டுக்குப் போடலாம். காலைத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் நிறையக் குடிக்கும், பால் குறையாது.

அந்தக் கோவைத் தம்பிக்குக் கடைசியில் ஒன்றுதான் சொன்னேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஜனவரியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அந்த இடத்தில் போய் நில்லுங்கள், முதல் நாள் ராத்திரி வானம் தெளிவாக இருந்திருக்க வேண்டும் என்று. போன வாரம் வந்தார், நானும் கூடப் போனேன். ஓடைக்கரைப் புல் முழுக்க வெள்ளை, செருப்புக்குக் கீழே நொறுங்கியது. அங்கிருந்து சரிவில் ஏறினோம். நாற்பது அடி ஏறியதும் புல் பச்சையாக, வெறும் ஈரத்தோடு இருந்தது. அவர் இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்தார். மேலே உள்ள இடம் கல் நிறைந்தது, விலையும் ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல் சொல்கிறார்கள். பேசிக்கொண்டிருக்கிறார்.